மறு: வர்ச்சுவல் ரெப்ரசன்டேஷன் – 'மெய்நிகர்' வேண்டாம், 'நிகர்நிலை' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். வர்ச்சுவல் ரெப்ரசன்டேஷன் (virtual representation) என்பது, வாக்களித்துத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கும் நாடாளுமன்றமே பிரதிநிதி என்ற பதினெட்டாம் நூற்றாண்டுக் கருத்து. அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> 'மெய்நிகர் பிரதிநிதித்துவம்' என்றே போட்டுவிடலாமே. மெய்நிகர் ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல்.

நிலைத்துவிட்டதுதான் சிக்கல் ஐயா. அமெரிக்கக் குடியேற்றங்கள் (அன்று பிரிட்டனின் ஆட்சியில் இருந்த காலனிகள்) பற்றிய என் கட்டுரை வரைவில் முதலில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளிடம் கொடுத்தேன். அந்த வரியில் நின்றவள், "1765-ல ஏது மாமா கம்ப்யூட்டர்?" என்று கேட்டாள். அவள் மேல் தவறில்லை. மெய்நிகர் என்றால் இன்று எல்லாருக்கும் கணினித் திரைதான் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் வர்ச்சுவல் என்றால் 'பெயரளவில் இல்லாவிட்டாலும் பலனளவில் அதுவே' என்று பொருள்.

சொல் எந்தச் சண்டையில் புழங்கியது என்று பார்த்துவிட்டால் தேர்வது எளிது. 1765 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முத்திரைத்தாள் சட்டத்தை நிறைவேற்றியது. அமெரிக்கக் குடியேற்றங்களில் வழக்குப் பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, பகடை எல்லாவற்றுக்கும் வரி. நாங்கள் ஆள் அனுப்பாத சபை எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று குடியேற்றத்தார் கேட்டார்கள். பிரிட்டிஷ் கருவூலச் செயலாளர் தாமஸ் வேட்லி அதற்குச் சொன்ன பதில்தான் இந்தச் சொல்லின் உயிர். பிரிட்டனிலேயே பத்தில் ஒன்பது பேருக்கு வாக்கு இல்லை, அவர்களுக்கும் சேர்த்துத்தானே சபை பேசுகிறது, நீங்களும் அதில் அடக்கம் என்றார் அவர். ஒவ்வோர் உறுப்பினரும் தன் தொகுதிக்கு மட்டுமல்ல, மொத்தப் பேரரசுக்கும் உறுப்பினர் என்பது அவர் வாதம். அப்போது மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் தனி உறுப்பினர் கிடையாது. ஆள் குடியில்லாத மேடாகிப் போன ஓல்ட் சேரம் என்ற பழைய தொகுதிக்கோ, விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்களை வைத்துக்கொண்டு இரண்டு உறுப்பினர்கள்! 1832 வரை அப்படியே நடந்தது.

மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலேனி இதற்கு எழுதிய மறுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தில் வாக்கு உள்ளவனும் இல்லாதவனும் ஒரே வரியைக் கட்டுகிறார்கள். அதனால் ஒருவனுக்காகப் பேசினால் மற்றவனுக்காகவும் பேசியதாகும். அமெரிக்கா மீது போடும் வரியோ இங்கிலாந்து வாக்காளன் ஒருவனையும் தொடாது. அவன் சுமைகூடக் குறையலாம். அப்புறம் அவன் தேர்ந்தெடுத்தவர் எங்களுக்காக எப்படிப் பேசுவார் என்பது டுலேனியின் கேள்வி.

அமெரிக்கர்களுக்குப் பழக்கமான பிரதிநிதித்துவமே வேறு. வர்ஜீனியாவில் 1619-இலேயே தேர்ந்தெடுத்தவர்களின் சபை கூடிவிட்டது. மாசசூசெட்ஸில் ஊர்க்கூட்டம் கூடித் தன் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும். எதற்கு இணங்கலாம், எதற்கு இணங்கக் கூடாது என்று கையில் எழுதியும் கொடுத்துவிடும். 1765-இல் மாசசூசெட்ஸின் பிரெயின்ட்ரி ஊரார் கொடுத்த அறிவுறுத்தலை எழுதியவர், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். தானோ தன் சார்பாளரோ சம்மதிக்காத வரி எந்தச் சுதந்திர மனிதனையும் கட்டாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் கூடினார்கள். நாங்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் இடம்பெறவில்லை, இருக்கும் தொலைவில் இடம்பெறவும் முடியாது என்று தீர்மானம் போட்டார்கள். சொந்தச் சபைகளே வரி போட வேண்டும் என்ற அந்த நிலையிலிருந்து, பேரரசே வேண்டாம் என்று விடுதலையை அறிவித்த 1776-க்கு வர பதினோரு ஆண்டுகள் ஆயின.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'போலிப் பிரதிநிதித்துவம்' என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். கோபம் புரிகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே அரசியல் தலைவர் வில்லியம் பிட் இந்தக் கருத்தை இழிவானது என்று சாடினார். ஆனால் கலைச்சொல் ஒரு தரப்பின் வசவாக இருந்தால் வேட்லியின் வாயில் அதை வைக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. குடியேற்றங்களின் சொந்தச் சபைகளிலும் சொத்து இல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் வாக்கு இல்லை. எங்களுக்குக் குரலோ பிரதிநிதித்துவமோ இல்லாத சட்டங்களுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று அபிகேல் ஆடம்ஸ் 1776 மார்ச்சில் கணவர் ஜானுக்கு எழுதினார். பிரெயின்ட்ரி அறிவுறுத்தலை எழுதிய அதே ஜான்தான். லண்டன் செய்தால் 'போலி' என்றும் மாசசூசெட்ஸ் செய்தால் வேறு பெயரிலும் எழுதுவது நேர்மையாகாது. இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும்.

அதனால் என் பரிந்துரை 'நிகர்நிலைப் பிரதிநிதித்துவம்'. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். பல்கலைக்கழகமாகத் தொடங்கப்படாவிட்டாலும் அதற்கு இணையாகக் கொள்ளப்படுவது என்று யாரும் விளக்காமலே புரிகிறது. வேட்லி சொன்னதும் இதுதானே: நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனாலும் தேர்ந்தெடுத்ததற்கு நிகர். அந்த நிகர் உண்மையிலேயே நிகர்தானா என்று டுலேனி கேட்கவும் அதே சொல்லில் இடம் இருக்கிறது. தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்புவதைக் குறிக்கும் எதிர்ச்சொல்லுக்கு 'நேர்ப் பிரதிநிதித்துவம்' போதும் என்று நினைக்கிறேன். இரண்டும் நகர வரிசையில் தொடங்குவதால் அட்டவணையிலும் அதிகம் தள்ளி வராது.

'பிரதிநிதித்துவம்' வடசொல் என்று தயங்குபவர்கள் 'நிகர்நிலைச் சார்பாண்மை' என்று எழுதிப் பார்க்கலாம். எனக்குச் சொல்லின் முன்பாதிதான் முக்கியம். மறுப்பு இருந்தால் ஒரு முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள். தனிச்சொல்லாகப் பார்க்கும்போது எதுவும் நன்றாகத்தான் தெரியும்.

அன்புடன்