குலுவில் கிடைக்கும் மோரல் காளானை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி:
நான் இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில் பணிபுரிகிறேன். பனி உருகத் தொடங்கியதும் ஊர்மக்கள் காட்டுக்குள் சென்று, 'குச்சி' எனப்படும் மோரல் காளானைத் தேடி எடுத்து வருகிறார்கள். நானும் அவர்களுடன் செல்ல விரும்புகிறேன். நச்சுக் காளானிலிருந்து இதைப் பிரித்தறிய நம்பகமான வழி எது?

மறுமொழி 1:
வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு காளானையும் நுனியிலிருந்து அடிவரை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உண்மையான மோரலின் தொப்பி தேனடை போலக் குழிகளும் வரம்புகளுமாக இருக்கும். உள்ளே தொப்பியும் தண்டும் இணைந்து ஒரே வெற்றுக் குழாயாகத் தெரியும். போலி மோரலான கைரோமிட்ராவின் தொப்பியில் குழிகள் இரா. அது தாறுமாறாக மடிந்து சுருண்டிருக்கும், உள்ளே சதையும் சிறு அறைகளும் காணப்படும். அதிலுள்ள கைரோமிட்ரின் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடும். ஐயம் எழுந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

மறுமொழி 2:
மோரலைப் போலவே தோன்றும் வெர்பா என்னும் காளான் வகையையும் கவனியுங்கள், நண்பரே. அதன் தொப்பி தண்டின் உச்சியில் மட்டும் ஒட்டியிருக்கும். தண்டினுள் வெண்ணிற இழைகள் நிறைந்திருக்கும்.

மறுமொழி 3:
சரியான மோரலையும் பச்சையாக உண்ணவே கூடாது. 2023இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஓர் உணவகத்தில் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ பரிமாறப்பட்ட மோரலை உண்ட 51 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். உலர்ந்த காளானாக இருந்தாலும் ஊறவைத்து, நன்றாக வேகவைத்த பிறகே உண்ணுங்கள். முதல்முறை உண்ணும்போது சிறிதளவே போதும்.