சுண்ணாம்புக் காரைச் சுவரில் கனமான நிலைக்கண்ணாடியை மாட்டுவது எப்படி?

கேள்வி (கும்பகோணம்):
எங்களுடையது சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய ஓட்டு வீடு. பாட்டி காலத்துத் தேக்குச் சட்டமிட்ட நிலைக்கண்ணாடி ஒன்றைக் கூடத்துச் சுவரில் மாட்ட விரும்புகிறோம். உயரம் 6 அடி, அகலம் 3 அடி. அரிசி மண்டித் தராசில் நிறுத்தபோது 36 கிலோ இருந்தது. கூடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் தரையில் நேரடியாக வைக்க இயலாது. காலண்டர் ஆணி அடித்தாலே காரை உதிரும் சுவரில், சிறு பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில், இவ்வளவு எடையை எதை நம்பி ஏற்றுவது? கடைக்காரர் விரியும் ஆங்கர் போல்ட் போடச் சொல்கிறார்.

பதில் (திருவாரூர், கட்டடப் பொறியாளர்):
அம்மா, அந்த போல்ட் வேண்டவே வேண்டாம். துளையின் பக்கங்களை வெளிநோக்கி நெருக்கித்தான் அது பிடிப்பைப் பெறுகிறது. கான்கிரீட் அதைத் தாங்கும், பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் பிளந்துவிடும்.

5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ என்பதால், உங்கள் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 21 கிலோ வரும். இந்த எடையைச் சுவரிடம் கொடுக்காமல் தரையிடம் கொடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தேக்குப் பலகை ஒன்றை முன்விளிம்புடன் அமைத்து, அதன் இரு முனைகளுக்கும் கால் கொடுத்து, கால்களின் அடியில் கருங்கல் துண்டு வைத்தால் கழுவும் தண்ணீர் மரத்தில் ஏறாது. கண்ணாடி அப்பலகையில் நிற்கும். முன்பக்கம் சாயாதபடி மேற்சட்டத்தைப் பிடித்துக்கொள்வது மட்டுமே சுவரின் வேலையாக இருக்கும்.

அந்த மேற்பிடிப்புக்கு, சட்டத்தின் மரத்தில் ஒரு பக்கமும் சுவரில் மறு பக்கமும் திருகிய, எல் (L) வடிவில் வளைந்த இரண்டு இரும்புப் பட்டைகள் போதும். டிரில்லிங் மிஷினின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டுச் சுவரில் துளையிடுங்கள். வெண்தூள் மட்டுமே தொடர்ந்து வந்தால் சாந்தில் இறங்குகிறீர்கள் என்று பொருள், செந்தூள் வரும் இடத்திற்கு மாற்றுங்கள். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 2 அங்குலமாவது பிளக் (திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) இறங்க வேண்டும். துளையிடும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தால் அங்கே பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடலாம் என்பதால் அந்த வரிசையைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வியாளர்:
மிக்க நன்றி ஐயா. சட்டத்தின் பின்புறம் பழைய கம்பி ஒன்று குறுக்கே கட்டியிருக்கிறது. கூடுதல் பாதுகாப்புக்கு அதையும் ஓர் ஆணியில் மாட்டலாமா?

பதில் (மயிலாடுதுறை, தச்சு வேலை செய்பவர்):
வேண்டாம் அம்மா, கழற்றிவிடுங்கள். கம்பி எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ அவ்வளவு இழுவிசை கூடும்: கிடைக்கோட்டுக்கு 30 பாகையில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் முழு எடையையும், 15 பாகையில் இருந்தால் ஏறக்குறைய இரு மடங்கையும் தாங்க வேண்டியிருக்கும். பழைய சட்டத்தின் மூலைப் பொருத்துகள் அதில் கழன்றுவிடும். மாட்டுவதற்கு முன் அவற்றை ஒரு தச்சரிடம் காட்டி இறுக்கிக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய சுவர்கள் ஓதம் ஏறி உப்புப் பூக்கும். சட்டம் சுவரோடு ஒட்டினால் கண்ணாடியின் பின்புற ரசப்பூச்சு கறுத்துப்போகும், இரும்புத் திருகாணியும் துருப்பிடிக்கும். ஆகவே பின்னால் ஓரங்குல மரக்கட்டை கொடுத்துக் காற்றோட விடுங்கள். எவர்சில்வர் திருகாணிகளையே பயன்படுத்துங்கள். பிள்ளைகள் இருப்பதால், உடைந்தாலும் சில்லுகள் சிதறாதபடி கண்ணாடியின் பின்புறம் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள். தூக்கும்போது கையுறை அணிந்த இருவர், கண்ணாடியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும்.