மைக்குல சொன்னது மூணு பவுன்

உசிலம்பட்டிப் பக்கம் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்துன்னா தாய்மாமனுக்குத் தூக்கம் போயிடும். எனக்கு அது 2019 வைகாசியில. திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை போய் நாலு மாசம் ஆகியிருந்துச்சு. ஊர்ல யாருக்கும் தெரியாது, அம்மாவுக்குக்கூட.

"21 தட்டு, மூணு பவுன், ஒரு கிடா. இதுல குறைஞ்சா மண்டபத்துப் படி ஏற மாட்டேன்"னுட்டாங்க அம்மா. அக்கா கல்யாணத்துல மச்சான் வீட்டாளுக ஏதோ குறை சொன்னது, அவங்களுக்கு இன்னும் ஆறலை.

மனைவியோட அஞ்சு பவுன் செயினை அடகு வச்சு மூணு பவுன்ல ஆரம் வாங்கினேன். (என் கணக்கைப் பாருங்க!) அவ கழுத்துக்குக் கவரிங்.

கொட்டுமேளம், வேட்டு. மைக்செட்டுக்காரர் "தாய்மாமன் சீர், மூணு பவுன்"னு மூணு தடவை சொன்னார். அம்மா முகத்தைப் பார்க்கணுமே! அந்த வெயில்ல வேர்த்து வேர்த்து, கவரிங் பட்ட இடமெல்லாம் மனைவி கழுத்துல கறுப்பா ஒரு கோடு. அவ முந்தானையை இழுத்து மூடிக்கிட்டே நின்னா.

மறுநாள் விடியுமுன்ன அக்கா வந்தா. கையில பேப்பர் பொட்டலம். உள்ளே அதே ஆரம்.

"முதல்ல அவ செயினைத் திருப்புடா. அம்மா காதுக்குப் போகக் கூடாது."

"உங்க மாமியார் கேட்டா?"

"லாக்கர்ல இருக்குன்னு சொல்லிக்கிறேன்."

வெட்கமாத்தான் இருந்துச்சு. வாங்கிக்கிட்டேன். அம்மா இன்னமும் தெருவுல மூணு பவுன் கதையைத்தான் சொல்றாங்க.

*

நான் வேற ஆளு, விசேஷ வீடுகள்ல மொய் எழுதுற மேசையில உட்கார்றவன். நோட்டுல எழுதுன காலத்துல, இருநூறு ரூபாயை மடிச்சுக் கையில வச்சுட்டு, "ஐநூறுன்னு எழுதுங்கண்ணே, மீதியை சாயங்காலம் தந்துடுறேன்"னு காதோரமா சொல்றவங்க உண்டு. பின்னாடி வரிசையில சம்பந்தி நிப்பார், பாவம். எழுதியிருக்கேன். சிலர் தந்துடுவாங்க, சிலருக்காக நானே போட்டுக் கணக்கை நேர் பண்ணியிருக்கேன்.

இப்போ கம்ப்யூட்டர் மொய். தொகையைத் தட்டினதும் ரசீது வந்துடும், காதோரம் பேச இடமில்லை. அப்படிப்பட்ட ஆளுக இப்போ மேசைப் பக்கமே வர்றதில்லை. பந்தியில கை கழுவிட்டு, சமையக்கட்டு வழியா வெளியே போயிடுறாங்க. தலையைக் குனிஞ்சு ரசீதைச் சரிபார்க்கிற மாதிரி இருந்துக்குவேன்.