5ஜி ஏர்ஃபைபர்ல ஹேண்ட்ஹெல்ட் கேமிங் சரிவருமா?

வேளச்சேரி_கேமர்: வாடகை வீடு, ஃபைபர் இழுக்க ஓனர் விடமாட்டார். 100 எம்பிபிஎஸ் ஏர்ஃபைபர் (5ஜி டவர்ல இருந்து கேபிள் இல்லாம வர்ற வீட்டு இன்டர்நெட்) போட்டா ஆன்லைன் மேட்ச் ஆட முடியுமா? கையில வச்சு ஆடுற கேமிங் மெஷின்ல எது வாங்கலாம், ஸ்டீம் டெக்கா, ஆர்ஓஜி அல்லையா?

மாடி_ஆன்டெனா: ஸ்பீடு போதும் ப்ரோ. பிரச்சனை பிங் (கேம் சர்வருக்குப் போய்த் திரும்புற நேரம்) நிலையா நிக்காதது. சாயங்காலம் டவர்ல கூட்டம் ஏறினா 30 மில்லிசெகண்ட்ல இருந்து 120 வரைக்கும் குதிக்கும். வெளி யூனிட்டை டவர் பக்கம் பார்த்து மாட்டச் சொல்லுங்க, நடுவுல தண்ணி டேங்க் வரக்கூடாது. ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் பிடிங்க. டாக் (மெஷினை சொருகி கேபிள் இணைக்கிற ஸ்டாண்ட்) இருந்தா லேன் கேபிளே போடுங்க, வைஃபை தடுமாற்றம் மொத்தமா போயிடும். இன்னொன்னு, இந்த இணைப்புகள்ல பெரும்பாலும் சிஜிநாட் இருக்கும், அதாவது பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரி. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியில இருந்து வர்ற இணைப்பை உங்க மெஷினுக்குத் திருப்பி விடுறது) வேலை செய்யாது, நீங்க ஹோஸ்ட் பண்ற கேம்ல நண்பர்கள் சேர முடியாம போகலாம்.

தரமணி_டெக்: வாலரன்ட் ஆடணும்னா அல்லைதான். அதோட ஆன்டி-சீட் (ஏமாத்துறதைத் தடுக்கிற மென்பொருள்) அல்லைல இருக்கிற விண்டோஸ் கேக்கும், டெக்ல வர்ற ஸ்டீம்ஓஎஸ்ல ஓடாது. தனியா ஆடுற கேம்னா டெக் அருமை, ஸ்லீப் போட்டு எழுப்பினா விட்ட இடத்துலயே நிக்கும். ஆனா இறக்குமதி பீஸ்னா வாரன்டி பேப்பரை முதல்ல பாருங்க.

மாடி_ஆன்டெனா: 100 ஜிபி கேம் 100 எம்பிபிஎஸ்ல இறங்க குறைஞ்சது 2 மணி 15 நிமிஷம். பிளான்ல மாத டேட்டா வரம்பு எவ்வளவுன்னு கேளுங்க. வீட்டு பிசில ஏற்கனவே இருந்தா, ஸ்டீம் (கேம் வாங்கி இறக்குற ஆன்லைன் கடை) செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ்ல லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபரை ஆன் பண்ணுங்க. டேட்டா செலவாகாது.

விலை_வேட்டை: புது கேம் முழு விலைக்கு வாங்காதீங்க, சீசன் சேல் வரைக்கும் பொறுங்க. வாங்கி ஓடலைன்னா 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் கீழ ஆடியிருந்தா ஸ்டீம் ரீஃபண்ட் தரும்.