மறு: வெர்டிகல் கொலாப்ஸ் – ‘செங்குத்துச் சரிவு’ சரியா?

> நம் கலைச்சொல் அகராதியின் பழைய ஆர்கேட் (காசு போட்டு ஆடும் வீடியோகேம் பெட்டி) திரைப் பழுதுப் பட்டியலில், படம் ஒரே கோடாகிவிடும் வெர்டிகல் கொலாப்ஸுக்குச் ‘செங்குத்துச் சரிவு’ என்று சேர்த்துவிடலாமா?

சேர்க்க வேண்டாம், ஐயா. இரண்டு சொல்லுமே இடறுகின்றன. ‘சரிவு’ என்றால் படம் சாய்ந்து நிற்பதாகத் தோன்றும். இங்கே படம் ஒரே கோடாக ஒடுங்கிப்போகிறது. ‘செங்குத்து’ இன்னும் மோசம். 1980இல் வந்த பேக்மேன் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பெட்டிகளில் எலக்ட்ரோஹோம் ஜி07, வெல்ஸ்-கார்ட்னர் கே4600 போன்ற 19 அங்குலத் திரைகள் இருந்தன. டிவி போலக் கிடையாக வைக்க வேண்டியவற்றை, ஆட்டம் உயரமாகத் தெரிவதற்காகப் பக்கவாட்டில் திருப்பி மாட்டினார்கள். அதனால் இந்தப் பழுது பேக்மேனில் நெடுக்குக் கோடாகத் தெரியும், திரையைக் கிடையாகவே வைத்த டிஃபெண்டர் ஆட்டத்தில் படுக்கைக் கோடாகத் தெரியும். நம் அகராதியை நம்பியவர் பேக்மேன் பெட்டியில் தவறான சர்க்யூட்டைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

> ஃபீல்ட் கொலாப்ஸ் என்றும் சொல்வதால் ‘புல ஒடுக்கம்’ எப்படி?

திசைச் சிக்கல் தீர்கிறது. ஆனால் காந்தப்புலத்தை என்ன செய்வது? திரைக்குழாயில் எலக்ட்ரான் கற்றையை வளைக்கும் சுருளான யோக்கே காந்தப்புலத்தில்தான் ஓடுகிறது. ‘புல ஒடுக்கம்’ என்றால் இயற்பியல் படித்தவர் அந்தப் புலத்தைத்தான் நினைப்பார்.

நடப்பதை வைத்தே பெயரிடலாம் என்பது என் கட்சி. கற்றையின் ஓர் ஓட்டம் வினாடிக்கு ஏறத்தாழ 15,750 வரிகளை இழுக்கிறது. இன்னொன்று, வினாடிக்குச் சுமார் 60 முறை, அந்த வரிகளைத் திரை முழுக்க ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்குகிறது. அடுக்குவது நின்றால் எல்லா வரியும் ஒரே இடத்தில் விழுகிறது. அந்தப் பளீர்க் கோடு அதுதான். இழுப்பது நின்றால் பெரும்பாலும் கோடுகூட வராது. உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் மின்மாற்றியை ஓட்டுவதும் அதே சர்க்யூட் என்பதால் உயர் மின்னழுத்தமும் போய்த் திரை இருண்டுவிடும்.

ஆகவே ‘அடுக்கிழப்பு’. பெட்டியை எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தும்.

----

தம்பி, விளக்கம் சரிதான். ஆனா நான் இருபது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன். ‘அடுக்கிழப்பு’ன்னு ஒருத்தரும் கடைக்கு வரமாட்டாங்க. “ஒத்தைக்கோடு விழுது சார்”னுதான் வருவாங்க. ஏற்கெனவே சொல் இருக்கும்போது எதுக்குப் புதுசா ஒண்ணு?

கலைச்சொல்லுக்கு நடுவுல ஒரு தொழில் சமாச்சாரம். கோட்டைப் பார்த்ததும், வரியை அடுக்குற வெர்டிகல் ஐசியை மாத்தக் கிளம்பிடாதீங்க. முதல்ல பிரைட்னஸையும் ஸ்கிரீன் பிரீசெட்டையும் குறைங்க. இல்லைன்னா அந்தக் கோடு திரையோட பாஸ்பர் பூச்சைச் சுட்டுடும். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள நானே ஒரு டியூப்ல தழும்பு போட்டிருக்கேன். அப்புறம் யோக் கனெக்டர்ல சால்டர் வட்டமா விரிசல் விட்டிருக்கான்னு பாருங்க, அடுத்து உலர்ந்த கெப்பாசிட்டர். ஐசி, டிரான்சிஸ்டர் எல்லாம் அதுக்கப்புறம்தான்.

----

அண்ணா சொன்ன ‘ஒற்றைக்கோடு’ அறிகுறிக்கு. கண்ணுக்குத் தெரிவது அதுதான். எப்போதாவது யோக்கில் வரி இழுக்கும் சுருள் மட்டும் அறுந்தாலும் ஒற்றைக்கோடு விழும். அதை அடுக்கிழப்பு என்று சொல்ல முடியாது. எனவே இரண்டு சொல்லும் வேண்டும், இரண்டு பதிவாகவே போடுகிறேன். ‘மடிப்பு’ என்ற சொல்லை இங்கே யாரும் தொட வேண்டாம். படத்தின் ஓரம் தன்மேலேயே திரும்பி விழும் வேறு பழுதுக்கு அதை வைத்திருக்கிறேன்.

1981இன் டெம்பெஸ்ட் போன்ற வெக்டர் பெட்டிகளுக்கு இந்தச் சொல் செல்லாது. அங்கே அடுக்க வரிகளே இல்லை. கற்றை நேரடியாக உருவத்தை வரைகிறது. அதன் வெல்ஸ்-கார்ட்னர் 6100 திரையில், கற்றை அசையாமல் நின்றுவிட்டால் அதை அணைக்க ஸ்பாட் கில்லர் என்றொரு சர்க்யூட் உண்டு. தயவுசெய்து ‘புள்ளிக்கொல்லி’ என்று யாரும் அனுப்பிவிடாதீர்கள். பூச்சிமருந்துக் கடை நினைவுதான் வருகிறது. இப்போதைக்குக் ‘கற்றைத்தடுப்பு’ என்று குறித்திருக்கிறேன். ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள்.