சூலகம் நீக்கிய எலிகள்: எஸ்ட்ராடியால் கொடுத்தும் கொடுக்காமலும் எலும்பு ஒரே மாதிரி இருக்கிறதே?

டர்பன்_ஆய்வறை
வணக்கம். ஸ்ப்ரேக்-டாவ்லி பெண் எலிகள், வயது 12 வாரம். இரு சூலகங்களையும் எடுத்த மறுநாளிலிருந்து ஒரு குழுவுக்கு 17-பீட்டா எஸ்ட்ராடியால் (சூலகம் சுரக்கும் எஸ்ட்ரோஜன் ஹார்மோன்), கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், தினமும் தோலடி ஊசி. சூலகம் போனால் எலும்பு கரையணும், எஸ்ட்ராடியால் அதைத் தடுக்கணும். ஆனால் 4 வாரம் முடிந்து நான்காவது லம்பார் (கீழ்முதுகு) முள்ளெலும்பை மைக்ரோ சி.டி. (நுண் எக்ஸ்ரே ஸ்கேன்) எடுத்தால், போலி அறுவைக் குழு (வயிற்றைத் திறந்து சூலகத்தை எடுக்காமல் மூடியவை) உட்பட மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை. அடுத்து ரூய்போஸ் (தென்னாப்பிரிக்கத் தேநீர்ச் செடி) சாற்றைச் சோதிக்கணும். அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

பஞ்செலும்பு
பார்த்த இடமும் காலமும் பொருந்தவில்லை. எலியில் முதலில் கரைவது டிபியாவின் (முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு) மேல் முனையில், வளர்ச்சித் தட்டுக்குக் கீழே உள்ள பஞ்சு எலும்பு. அங்கே 2 வாரத்திலேயே இழப்பு தெரியும். தொடை எலும்பின் கழுத்துக்கு ஒரு மாதம், லம்பார் முள்ளெலும்புக்கு ஏறக்குறைய 2 மாதம் ஆகும். வெளிப்புறக் கெட்டியான புறணி எலும்புக்கு 3 மாதத்துக்கு மேல். டிபியாவை எடுத்து வைத்திருந்தால் இப்போதே ஸ்கேன் செய்யுங்கள். வளர்ச்சித் தட்டிலிருந்து 1 மி.மீ. தள்ளி, அடுத்த 2 மி.மீ. போதும். தட்டை ஒட்டி புதிதாக உருவாகும் எலும்பையும் சேர்த்து அளந்தால் இழப்பு மறைந்துவிடும்.

12 வாரம் இளம் வயது, எலும்பு இன்னும் வளர்கிறது. நீங்கள் இழப்பு என்று நினைப்பது வெறும் வளர்ச்சிக் குறைவாகவும் இருக்கலாம். 6 மாத எலிகளை எடுங்கள். அறுவை நாளன்றே எலும்பு எடுக்கும் தொடக்கநிலைக் குழு ஒன்றும் கட்டாயம்.

கூண்டும்_ஊசியும்
எலும்புக்குப் போவதற்கு முன் கருப்பை எடையைச் சொல்லுங்க. எஸ்ட்ரோஜன் இல்லேன்னா கருப்பை சுருங்கிடும். அறுவை சரியா நடந்ததா, ஹார்மோன் உள்ளே போச்சா, ரெண்டுக்கும் அதுதான் சாட்சி. தீவனத்தில் சோயா இருக்கா?

டர்பன்_ஆய்வறை
போலி அறுவையில் சுமார் 500 மி.கி. சூலகம் எடுத்தவற்றில் பெரும்பாலும் 120 பக்கம், இரண்டு எலிகளில் மட்டும் 400-ஐத் தாண்டியது. எஸ்ட்ராடியால் குழுவில் 180 முதல் 600 வரை சிதறல். தீவனத்தில் சோயாப் புண்ணாக்கு இருக்கிறது.

கூண்டும்_ஊசியும்
அந்த 400 தாண்டிய ரெண்டிலும் சூலகத் துண்டு மிஞ்சியிருக்கும். சூலகத்தைச் சுத்தி இருக்கிற கொழுப்போடு சேர்த்து வெளியே இழுத்து, சினைக்குழாய்க்குக் கீழே, கருப்பைக் கொம்பின் நுனியில் கட்டி வெட்டணும். கொழுப்பைக் கிழிச்சு சூலகத்தை மட்டும் பிடுங்கினா துணுக்கு தங்கிடும். ஒரு வாரம் கழிச்சு தொடர்ந்து 5 நாள் யோனிப் பூச்சு (யோனிச் செல்களைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில்) பாருங்க. வெள்ளணுக்களே நிறைஞ்சிருந்தா சரி, எஸ்ட்ரோஜன் இருந்தா வர்ற கெட்டியான தட்டைச் செல்கள் வந்தா அந்த எலி கணக்கில் வரக்கூடாது. இந்த விலக்கு விதியை முன்கூட்டியே நெறிமுறையில் எழுதிடுங்க.

எஸ்ட்ராடியால் குழுவின் சிதறலுக்கு மருந்து சரியாக் கரையாததைத்தான் முதலில் சந்தேகிப்பேன். எண்ணெயில் நேரடியாப் போட்டா அடியில் படியும். முதல் எலிக்கு வெறும் எண்ணெய், கடைசி எலிக்கு அதிக மருந்து. 1 மி.கி.யை 1 மி.லி. எத்தனாலில் முழுசாக் கரைச்சு, அதில் 10 மைக்ரோலிட்டரை 1 மி.லி. எண்ணெயில் கலங்க. கிலோவுக்கு 1 மி.லி. கணக்கு, அதாவது 300 கிராம் எலிக்கு 0.3 மி.லி. மருந்தில்லாக் குழுக்களுக்கும் அதே எத்தனால், அதே எண்ணெய்.

சோயாவின் ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும் எஸ்ட்ரோஜன் போல வேலை செஞ்சு குழுக்களுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சுருக்கும். ரூய்போஸ் போல ஒரு தாவரச் சாற்றைச் சோதிக்கப் போறீங்கன்னா இது இன்னும் முக்கியம். கேசீன் (பால் புரதம்) சார்ந்த ஏ.ஐ.என்.-93எம் என்ற ஆய்வகத் தர எலித் தீவனத்துக்கு மாறுங்க.

பஞ்செலும்பு
ஒன்று விட்டுப்போனது. சூலகம் போன எலி அதிகம் தின்று எடை கூடும், அந்த எடையே எலும்பைக் கொஞ்சம் தாங்கும். போலி அறுவைக் குழு தின்ற அளவையே எல்லாருக்கும் வையுங்கள். வயதையும் காலத்தையும் மாற்றுவதால் விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போகணும். கத்தி பிடிப்பவருக்குத் தென்னாப்பிரிக்கக் கால்நடை மன்றத்தின் அனுமதி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.