சந்தையில நாலு கூடை வித்த அன்னிக்கு

மத்தூர்க்காரி:
பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வயர் கூடை பின்ற சிவன் கண் முடிச்சு சொல்லிக் குடுத்தேன், பத்தே நாள்ல என்னைவிட இறுக்கமா பின்ன ஆரம்பிச்சிட்டா. ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு கூட்டிட்டுப் போனேன், நாலு கூடை வித்துச்சு, ஒண்ணு 200. திரும்பி வரும்போது பஸ்ல ஒரு 200ஐ என் கையில அழுத்தி, "அக்கா, மூணுதான் வித்துச்சுன்னு சொல்லுங்க, அடுத்த வயர் ரோலுக்கு வேணும்"னா. ஸ்டாப்பிங்ல அவ வீட்டுக்காரர் வண்டியோட நிக்கிறாரு. "எத்தனைக்கா போச்சு?"ன்னு என்னைத்தான் கேட்டாரு. வாயில டக்குனு நாலுன்னு வந்துடுச்சு. அப்புறம் அந்த நோட்டையும் எடுத்து நானே அவர் கையில... ச்சே. அவ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

அரூர் வளையல்:
இதுக்கெல்லாம் குழுதாங்க வழி. 1989ல ஐஃபாட்னு ஐ.நா.வோட விவசாய நிதி அமைப்பு உதவியில தமிழ்நாட்டுல மகளிர் குழு முதல்ல ஆரம்பிச்சதே நம்ம தர்மபுரிலதான், அப்ப கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டம். எங்கம்மா பேர்ல பாஸ்புக்னு ஒண்ணு வந்ததே குழுவாலதான். என் கதை வேற, ஓசூர்ல ஒரு கடைக்கு சில்க் த்ரெட் வளையல் மூணு டஜன் கடனுக்குக் குடுத்தேன், மூணு மாசம் கழிச்சுப் போனா டப்பாவையே பிரிக்கல, மேல தூசி. "விக்கலம்மா"ங்கறாரு. பிரிச்சாதானே விக்கும்!

பாலக்கோடு:
அரூர் அக்கா, குழு குழுன்னா ஆச்சா? எங்க குழுவுல லோன் வந்த அன்னிக்கே பாதிப் பேரோட பணம் வீட்டுக்காரர் வண்டி டியூவுக்குப் போச்சு, தவணை மட்டும் இவங்க தலையில. எனக்கு ஒரு கல்யாண ஆர்டர், தாம்பூலத்துக்கு சின்னக் கூடை 50, அட்வான்ஸ் வாங்கல, கல்யாணம் நின்னுபோச்சு, அம்பதும் பரண் மேல. பாதிப் பணம் கைக்கு வராம ரோலைப் பிரிக்காதீங்க. மத்தூர் அக்கா, 200க்கு வித்ததே தப்பு, வயர், ரெண்டு நாள் உழைப்பு, பஸ் சார்ஜ் எல்லாம் போட்டா கூலி என்ன நிக்குது? கூலியையும் செலவுல எழுதுங்க. தமிழ்நாடு அரசோட கலைஞர் கைவினைத் திட்டத்துல கூடை முடையறதும் இருக்கு, 3 லட்சம் வரைக்கும் லோன், 25 சதம் மானியம், 50,000க்கு மேல போகாது, வயசு 35 ஆகியிருக்கணும். மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க, புரோக்கர்கிட்ட மட்டும் போயிடாதீங்க.

மத்தூர்க்காரி:
35ஆ, அவளுக்கு 23தாங்க. அன்னிலேர்ந்து பின்ன வரல. பாதியில விட்ட கூடை ஒண்ணு, பச்சையும் மஞ்சளும், எங்க திண்ணையிலயே கெடக்கு. நானே முடிச்சு வைக்கறதா, அப்படியே விடறதா?